ஜெர்மனியில் சான்சலரைக் கவிழ்ப்பது ஏன் அவ்வளவு கடினம்?

ஹெல்முட் கோல் 16 ஆண்டுகள், அங்கேலா மெர்க்கல் 16 ஆண்டுகள், கொன்ராட் அடெனாவர் 14 ஆண்டுகள். 1949இலிருந்து 2025 வரை (1990 வரை மேற்கு ஜெர்மனி) அரசுத் தலைமைக்கு வந்த சான்சலர்கள் மொத்தம் பத்தே பேர். அதற்கு முன், 1919 முதல் 1933 வரையிலான வைமர் குடியரசில், 14 ஆண்டுகளுக்குள் அதைவிட அதிகம் பேர் வந்து போனார்கள். கடைசியில் வந்த ஷ்லைஷர் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை.

மக்கள் மாறிவிட்டார்கள் என்பதைவிட விதி மாறியது என்பதே முக்கியம். வைமர் நாடாளுமன்றத்தில் சான்சலர் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் போதும்; அடுத்து யார் என்று சொல்லத் தேவையில்லை. 1932 செப்டம்பரில் கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அவர்களின் பரம எதிரிகளான நாஜிகளும் வாக்களித்தார்கள். அப்போதைய சான்சலர் பாப்பனுக்கு எதிராக 512, ஆதரவாக 42. இந்த இரு தரப்பும் சேர்ந்து ஆட்சி நடத்துவது நடக்காத காரியம். கவிழ்ப்பதற்கு மட்டும் கை கோத்தார்கள்.

1949 அரசியல் சட்டத்தின் 67ஆம் பிரிவு இந்த வழியை அடைத்தது. சான்சலரை நீக்க வேண்டுமா? சரி, அதே வாக்கெடுப்பில் அடுத்த சான்சலரை மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்மானத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே 48 மணி நேரம் விட வேண்டும். வெறுப்பில் ஒன்றுசேர்வது எளிது, ஒரே பெயரில் ஒன்றுசேர்வது கடினம். அந்த வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாகச் சட்டமாக்கியது எனக்குப் பெரிய சாதனையாகவே தெரிகிறது.

இதுவரை இரண்டே முறைதான் இதை முயன்றிருக்கிறார்கள். 1972இல் சான்சலர் பிரான்ட்டை நீக்க எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செலுக்கு 249 வாக்குகள் தேவை; கிடைத்தது 247. பார்ட்செலுக்கு வாக்களிக்காமல் இருக்க, கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை அவர் தரப்பு உறுப்பினருக்கே பணம் கொடுத்த விவகாரம் பிற்பாடு வெளிவந்தது. 1982 அக்டோபர் 1 அன்று, கூட்டணிக் கட்சி பக்கம் மாறியதால் ஷ்மிட் போய் கோல் வந்தார்.

இந்த விதி மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. 5 சதவீத வாக்கு பெறாத சிறு கட்சிகள் பெரும்பாலும் அவைக்குள் வர முடியாது. அதனால் கூட்டணி அமைப்பது சுலபமாகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் சான்சலர் ஆகலாம் என்பதும் ஒரு காரணம். அதேசமயம் பதவி விலகலை எந்தச் சட்டமும் தடுக்காது. 1974இல் தன் அலுவலகத்திலேயே உளவாளி பிடிபட்டபோது பிரான்ட் தானாகவே விலகினார்.

அப்புறம், சான்சலரும் நினைத்த நேரத்தில் அவையைக் கலைத்துவிட முடியாது. முன்கூட்டியே தேர்தல் வேண்டுமென்றால் நம்பிக்கை வாக்கெடுப்பு கேட்டு, அதில் வேண்டுமென்றே தோற்க வேண்டும். அதன் பிறகு குடியரசுத் தலைவர் கலைக்கலாம். 1972இல் பிரான்ட், 1982இல் கோல், 2005இல் ஷ்ரோடர், 2024இல் ஷோல்ஸ் இப்படித் தோற்றார்கள். அடுத்து வந்த தேர்தலில் முதல் இருவரும் ஜெயித்தார்கள், பின்னவர் இருவரும் பதவியை இழந்தார்கள்.