வயிற்றில் பை வைக்க வேண்டி வருமா?

பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றதும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "வயித்துல பை மாட்டிருவீங்களா டாக்டர்?" குடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே திறந்துவிட்டு, மலம் சேர அதன்மேல் ஒட்டும் பையைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பயத்திலேயே சிலர் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, குடல் அடைத்து, வயிறு உப்பிய பிறகு அவசரமாகத் தூக்கி வருகிறார்கள். பை வைக்க வேண்டிய நிலை அதிகம் வருவதே இப்படி அவசரத்தில் செய்யும் ஆபரேஷனில்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

பெருங்குடல் ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம். கட்டியை, இரண்டு பக்கமும் 5 செ.மீ. அளவாவது நல்ல குடலோடு சேர்த்து எடுக்கிறோம். அந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களும் அவற்றை ஒட்டிய நெறிகளும் (நிணநீர் முடிச்சுகளும்) கூடவே வந்துவிடும். பிறகு மீதிக் குடலின் இரு முனைகளையும் இணைத்துவிடுகிறோம். திட்டமிட்டுச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குப் பையே தேவைப்படாது. குடலை வெட்டினால் சாப்பாடு எப்படிச் செரிக்கும் என்ற கவலையும் வேண்டாம். சத்தை உறிஞ்சுவது சிறுகுடல். கொஞ்ச நாள் மலம் இளகிப் போகும், அப்புறம் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கட்டி மலக்குடலில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. இணைத்த இடம் ஆறும்வரை சில மாதங்கள் பை வைப்போம். சிலருக்கு அது நிரந்தரம். அப்போதும் குளிக்கலாம், பஸ்ஸில் போகலாம், உடம்பு தேறியபின் வேலைக்கும் போகலாம்.

எடுத்த குடலின் பயாப்சி ரிப்போர்ட்டில் எத்தனை நெறிகளைப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். 12 ஆவது இருக்க வேண்டும். அவற்றில் நோய் இருந்து, வேறு உறுப்புக்குப் பரவாவிட்டால் அது மூன்றாம் நிலை. வழக்கமாக 3 முதல் 6 மாதம் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தேவை. "அதான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே" என்று கீமோவுக்கு வராமல் நின்றுவிடாதீர்கள். பணம்தான் தடை என்றால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம் என்றாலே மூலம் என்று கடை மருந்து வாங்காதீர்கள். வலது பக்கக் கட்டியில் இரத்தம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். களைப்பும் இரத்தசோகையும் மட்டுமே இருக்கும். அப்பாவுக்கு 45 வயதில் இந்த நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 35 வயதிலேயே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டிவரும் மகனிடமும் மகளிடமும் அன்றைக்கே இதைச் சொல்லி அனுப்புகிறேன்.