ஒற்றை ரேமில் மூச்சு வாங்கும் கம்ப்யூட்டர்

2023-ல் அக்கா மகன், கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தான். கையில் இருந்தது 30,000 ரூபாய். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியிலேயே மாட்டிக்கொள்வதாகத் திட்டம். ரைசன் 5 5600ஜி ப்ராசசர், ஏ520 மதர்போர்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரேம் வரியில் மட்டும் ‘16 ஜிபி, ஒன்று’ என்று போட்டிருந்தார்கள். அதை அடித்துவிட்டு ‘8 ஜிபி, இரண்டு’ என்று எழுதினேன்.

“ரெண்டும் பதினாறுதானே மாமா?”

கொள்ளளவில் இரண்டும் ஒன்றுதான். விளையாடும்போது ஒன்றில்லை. ஏன் என்று புரிய, திரையில் ஒரு படம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட நொடிக்கு 60 படமாவது வர வேண்டும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட். அதற்குள் ப்ராசசர், எதிரி எந்தப் பக்கம் நகர்ந்தான், குண்டு எந்தச் சுவரில் பட்டது என்றெல்லாம் முடிவுசெய்து, ‘இதை வரை, அதை வரை’ என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. வரைவது கிராபிக்ஸ் பகுதியின் வேலை. 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிக்கும் மேல். அதுவும் ஒரு புள்ளிக்கு ஒரு தடவை நிறம் பூசினால் முடிந்துவிடாது. நிழல், வெளிச்சம், புகை என்று அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

கல்யாணப் பந்தி மாதிரிதான். ப்ராசசரின் கோர்கள் தலைமைச் சமையல்காரர்கள். எண்ணிக்கை குறைவு, எல்லாம் தெரியும். 5600ஜி-யில் அவர்கள் ஆறு பேர். கிராபிக்ஸ் கோர்கள் பரிமாறுகிற பையன்கள். ஒருவனுக்கு ஒரு வேலைதான், ஆனால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அதே சிப்புக்குள் அப்படி 448 பேர் இருக்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமலே விளையாட முடிவது அவர்களால்தான்.

பையன்கள் எத்தனை பேர் நின்றாலும் சாம்பார் வாளி உள்ளேயிருந்து வந்தாக வேண்டுமே? தனி கார்டுகளுக்கு என்று சொந்த மெமரி உண்டு. 5600ஜி-க்கு அது இல்லை. ப்ராசசர் பயன்படுத்தும் அதே ரேமில்தான் கிராபிக்ஸும் கை நீட்டுகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று, ஒரு தடவைக்கு 8 பைட் வீதம் நொடிக்கு 320 கோடி தடவை தரும், அதாவது 25.6 ஜிபி. இரண்டு மாட்டினால் இரண்டு வழியிலும் சேர்ந்து 51.2 ஜிபி. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 சாதாரணக் கார்டுதான், அதற்கே சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 128 ஜிபி வந்தது. ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருக்கும் கிராபிக்ஸுக்கு, ஒற்றை ரேம் போட்டு அதிலும் பாதியைப் பிடுங்குகிறோம். கொட்டேஷனில் போட்டிருக்கும் 16 ஜிபி என்பது ஸ்டோர் ரூமின் அளவு, எத்தனை ரேம் என்பது வாசல்களின் எண்ணிக்கை. சில விளையாட்டுகளில் இந்த ஒரு மாற்றத்துக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் கூடும். விலையிலோ பெரிய வித்தியாசம் இருக்காது. (வீட்டுக்கு வந்ததும் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் செட்டிங் பக்கத்தில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் 2400-லோ 2666-லோ நடை பழகிக்கொண்டிருக்கும்.)

அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனை 1280-க்கு 720 ஆக்குங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், பாதிக்கும் குறைவு. எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, குபுக்கென்று ஏறினால் திணறியது கிராபிக்ஸ். அசையாமல் நின்றால் ப்ராசசர்; அப்போது புதுக் கார்டு வாங்குவது வீண் செலவு.

ஆறு மாதம் கழித்துக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, கார்டு வாங்கலாமா என்று வந்தான். அவன் கண் வைத்திருந்தது 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. விலை குறைவு, பெயரில் எண் பெரிது. நான் வேண்டாம் என்றேன். அதன் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை பிரச்சினையில்லை. நொடிக்கு 144 ஜிபி உள்ளேயே ஓடும். நிரம்பிவிட்டால் மிச்சத்தை ரேமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ வழியாக இழுக்க வேண்டும். வழக்கமாக 16 தடம் இருக்கும் அந்தச் சாலையில் இந்தக் கார்டு 4 தடத்தைத்தான் பயன்படுத்துகிறது. 5600ஜி-யோ பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐ வேகம்தான் தரும். கூட்டிக் கழித்தால் நொடிக்கு சுமார் 4 ஜிபி. நெடுஞ்சாலையிலிருந்து வரப்புக்கு இறங்கிய லாரிதான்.

இந்தத் தடுக்கல் சராசரியில் தெரியாது. 60 படத்தில் 59 படம் தலா 10 மில்லி செகண்டில் வந்து, ஒரே ஒரு படம் 200 எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். சராசரி 76 எஃப்பிஎஸ்! ஆனால் அந்த ஒரு படத்துக்குள்தான் நீங்கள் செத்துப்போயிருப்பீர்கள்.

கடைசியில் பழைய ஆர்எக்ஸ் 580 என்று முடிவானது. 2017 கார்டு; ஆனால் 8 ஜிபி மெமரி, நொடிக்கு 256 ஜிபி, 16 தடமும் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் காசு ஈட்டுவது) நின்றபின் இம்மாதிரிக் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து குவிந்தன. இரவு பகலாக ஓடியவற்றில் முதலில் போவது ஃபேன் பேரிங்கும், சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவதும்தான். ஆகவே பணம் கொடுக்குமுன் இருபது நிமிடம் ஓடவிட்டுக் காதையும் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்று, 2304 கோர் உள்ள அசலுக்குப் பக்கத்திலேயே ‘2048எஸ்பி’ என்ற வால் ஒட்டிய ஒன்றும் அதே 580 பெயரில் விற்கிறது. அதில் கோர் 2048தான். அதற்கேற்ற குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், அசல் விலைக்குக் கூடாது.

580 ஒன்றே 185 வாட் இழுக்கும். ப்ராசசர் 65. இருந்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாங்காது என்பதால் அதற்கும் ஒரு நடை. கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்து. பையன் அதைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த அட்டவணையில் 12 வோல்ட் வரியைத் தேடினான்; கார்டும் ப்ராசசரும் பெரும்பாலும் அந்த வரியில்தான் சாப்பிடுகின்றன. 18 ஆம்பியர். போனை எடுத்துப் பெருக்கினான்: 216.

“அண்ணே, மீதி 234 வாட் எங்கண்ணே?”

அவர் பெட்டியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார்.