பொம்பள புள்ளைக்கு மூள சீக்கிரம் முத்திரும்னு சொல்றவங்களுக்கு

போன செவ்வாக்கிழம எங்க மனநல கிளினிக்ல அதே வசனத்த இந்த மாசத்துல மூணாவது தடவையா கேட்டேன். பொறுத்து பொறுத்து பாத்துட்டு இப்ப எழுத உக்காந்துட்டேன், எழுத்துல கோவம் தெரிஞ்சா மன்னிச்சுக்கோங்க. (யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரங்கள மாத்தியிருக்கேன்.)

தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற ஒரு அம்மா, 14 வயசு மகளோட வந்திருந்தாங்க. புள்ளைக்கு மூணு மாசமா தலவலி, நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கம் இல்ல. தோட்டத்து டிஸ்பென்சரில பனடோல் குடுத்து குடுத்து அலுத்துப்போயி, கண் டொக்டர்கிட்டயும் காட்டி, கண்ணாடியும் போட்டு, அதுக்கப்புறம்தான் எங்கிட்ட அனுப்பியிருக்காங்க. காலைல எத்தன மணிக்கு எழும்புறம்மான்னு கேட்டேன். நாலரைன்னா. தண்ணி புடிச்சி, ரொட்டி சுட்டு, அம்மா பெரட்டுக்கு (காலைல பேர் பதிஞ்சு வேல பிரிக்கிற எடம்) போனதும் தம்பிய குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பி, பாட்டிக்கு மருந்து குடுத்து, அப்புறம்தான் இவ ஓடுறா. வீட்ட பாத்துக்க ஆளில்லன்னு வாரத்துல ரெண்டு நாள் ஸ்கூல் கட். அடுத்த வருஷம் படிப்ப நிப்பாட்டி கொழும்புல ஒரு வீட்டுல புள்ள பாக்க அனுப்புறதா பேச்சு நடக்குது.

வீட்டுல வேற யாரும் இல்லையான்னு கேட்டேன். மூத்தவன் இருக்கான், 17. ஓஎல் பரீட்ச எழுதாம வீட்டுல இருக்கானாம். "அவன் ஆம்பள புள்ள தானே டொக்டர், இன்னும் புத்தி வரல, படுத்தே கெடக்கான். இவளுக்கு வந்துருச்சு. பொம்பள புள்ளைங்களுக்கு மூள சீக்கிரமே முத்திரும்னு வட்ஸ்அப்ல ஒரு டொக்டரே பேசி அனுப்பியிருக்காரே."

முத்திருச்சுன்னா எங்க வாட்டுல அதுக்கு அர்த்தமே வேற, அத விடுங்க.

இந்த கத எங்கருந்து வந்திச்சுன்னு எனக்கு தெரியும். 2007ல அமெரிக்காவோட தேசிய மனநல நிறுவனத்துல இருந்து ஒரு ஆய்வு வந்திச்சு, 3 வயசுல இருந்து 27 வயசு வரைக்கும் 387 பேர், மொத்தம் 829 ஸ்கேன். அதுல பெருமூளையோட மொத்த அளவு பொண்ணுங்களுக்கு சராசரியா பத்தரை வயசுலயும் பசங்களுக்கு பதினாலரை வயசுலயும் உச்சத்துக்கு போகுதுன்னு காட்டுனாங்க. ஒழுங்கா செஞ்ச ஆய்வு, அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அத வெச்சிக்கிட்டு "பொண்ணு நாலு வருஷம் முன்னாடியே பெரிய மனுஷி, பையன் நாலு வருஷம் கொழந்த"ன்னு வட்ஸ்அப்ல அளக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு தலைக்கேறுது.

அளவு உச்சத்துக்கு போறது வேற, பக்குவம் வேற. ஆம்பள மூள சராசரியா பத்து சதவீதம் கிட்ட பெருசு, அதுக்காக பத்து சதவீதம் புத்தி கூடவா இருக்கு? இல்ல. அந்த கணக்க யாரும் ஏத்துக்க மாட்டீங்க, இந்த கணக்க மட்டும் கண்ண மூடிக்கிட்டு ஏத்துக்குறீங்க, ஏன்னா இது வீட்டுக்கு வசதியா இருக்கு, ஒரு புள்ள சும்மா வேல செய்யும் இன்னொரு புள்ளைய யாரும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல.

எங்கப்பா கவ்வாத்து வெட்டுனவரு, அதாவது தேயிலச் செடிய மட்டமா வெட்டி திரும்ப தளிர்க்க விடுற வேல, அதனால கவ்வாத்த வெச்சே சொல்றேன். சின்ன வயசுல மூளையில நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல தேவைக்கு மேல இணைப்பு வளருது. 1979லயே சிக்காகோவுல ஹட்டன்லோக்கர்னு ஒரு டொக்டர், செத்தவங்க மூளைய மைக்ரோஸ்கோப்ல வெச்சு எண்ணிப் பாத்தாரு, நெத்திப் பக்க மூளையில ஒண்ணு ரெண்டு வயசு புள்ளைக்கு இணைப்போட நெருக்கம் பெரியவங்கள விட கிட்டத்தட்ட 50 சதவீதம் கூட. அப்புறம் வளர வளர பாவிக்காதது கழிஞ்சி போகுது, பாவிக்கிறது ஒரம் ஏறுது. ஆனா நம்ம மலையில கவ்வாத்து கத்தி ஒரே நாள்ல எல்லா கெளையையும் மட்டமா வெட்டிரும், மூளைக்குள்ள அப்பிடி இல்ல, எடம் எடமா, வருஷ கணக்கா நடக்குது, யோசிச்சு முடிவெடுக்குற நெத்திப் பக்கம் கடைசியாத்தான் முடியும். 2011ல வந்த ஒரு ஆய்வுல இருவது வயசு தாண்டியும் அங்க இது நடந்துக்கிட்டே இருக்குன்னு தெரிய வந்திச்சு. ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் அப்பிடித்தான்.

இன்னொண்ணு, யாருமே சொல்றதில்ல. உயிரோட இருக்குற புள்ளைய ஸ்கேன் பண்ணா இணைப்பு ஒண்ணுகூட கண்ணுக்கு தெரியாது. சாம்பல் நெறப் பகுதி மெலிஞ்சிக்கிட்டு வர்றதுதான் தெரியும். கழிக்கிறதுனாலயும் மெலியலாம், நரம்ப சுத்தி கொழுப்பு உறை ஏறுறதுனாலயும் மெலிஞ்ச மாதிரி தெரியலாம். அதனால "பொண்ணுக்கு கவ்வாத்து முடிஞ்சிருச்சு"ன்னு ஸ்கேன பாத்து யாரும் அடிச்சு சொல்ல முடியாது. சரி, ஒரு பேச்சுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சுன்னே வெச்சுக்குவோம். ஒரு மலைய முன்னாடி கவ்வாத்து வெட்டுனா அடுத்த நாளே கூடைய தூக்கிக்கிட்டு கொழுந்தெடுக்க போயிருவீங்களா? தளிர் வந்து செடி நெரஞ்சி வர்ற வரைக்கும் மாச கணக்குல காத்திருக்கீங்க. தேயிலைக்கு தெரிஞ்ச நியாயம் பெத்த புள்ளைக்கு மட்டும் தெரியல.

எல்லாமே சராசரி கணக்கு வேற. 2015ல 1400க்கு மேல மூள ஸ்கேன அலசிப் பாத்ததுல, முழுக்க ஆம்பள மாதிரி முழுக்க பொம்பள மாதிரின்னு இருந்த மூள ரொம்ப கொஞ்சம், மத்ததெல்லாம் ரெண்டும் கலந்த கலவை. ஒங்க வீட்டு புள்ளையோட மூளைய சராசரிய வெச்சு அளக்க முடியாது.

வித்தியாசமே இல்லன்னு சொல்ல வரல. பொண்ணுங்க ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி வயசுக்கு வர்றாங்க. அதுக்கப்புறம் மனச்சோர்வு அவங்களுக்கு பசங்கள விட ரெண்டு மடங்கு கிட்ட வருது. அடக்கமான புள்ள, பொறுப்பான புள்ள, சத்தமே இல்லன்னு டீச்சர்மாரும் சர்டிபிகட் குடுக்குறீங்க, அந்த சத்தமில்லாத புள்ளைங்கதான் எங்கிட்ட தலவலின்னு வந்து நிக்கிதுங்க.

பசங்க கதைக்கு வாங்க. அந்த 17 வயசு பையன பத்தி தோண்டி கேட்டேன். ஆறு மாசமா குளிக்கிறதில்ல, ஜன்னல துணி போட்டு அடைச்சிட்டான், பக்கத்து லயத்து வீட்டுல தன்னப் பத்தி பேசுறாங்கன்னு சண்டைக்கு போறான், தனியா இருந்து சிரிக்கிறான். கூட்டாளிமார் கூட கஞ்சா வேற. செய்வினைன்னு ரெண்டு எடத்துல கயிறு கட்டியாச்சு. "ஆம்பள புள்ளைக்கு புத்தி லேட்டாத்தான் வரும்"னு இத்தன நாள் வீட்டுல சும்மா இருந்திருக்காங்க! மனச்சிதைவு நோய் பசங்களுக்கு பதின்வயசு கடைசியிலயும் இருவதுகள்லயும் ஆரம்பிக்கிறது சாதாரணம், பொண்ணுங்களுக்கு சில வருஷம் பிந்தி வரும். கவ்வாத்து அளவுக்கு மீறிப் போறதும் இதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு 1982லயே ஒரு கருத்து இருந்திச்சு, 2016ல ஒரு மரபணு ஆய்வு அதுக்கு கொஞ்சம் பலம் குடுத்திச்சு, இன்னும் முடிஞ்ச விஷயம் இல்ல. மருந்து பிந்த பிந்த குணமாகுறது கஷ்டம், அதுல மட்டும் சந்தேகமே இல்ல. வந்தது அந்த புள்ளைக்காக, ஆனா அன்னைக்கு அவசர கேஸ் வீட்டுல படுத்திருந்தவன்தான்.

அதனால கேளுங்க. பதின்வயசு புள்ளைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு கொறையாம தூக்கம் வேணும், ஆணோ பொண்ணோ. நாலரைக்கு எழுப்புற வேலைய பங்கு போடுங்க, பையனுக்கும் ரெண்டு கை இருக்கு, ரொட்டி மா பெசையிறதுக்கு எந்த மூளையும் முத்தத் தேவையில்ல. 16 முடியாத புள்ளைய வேலைக்கு அனுப்பாதீங்க, 2021ல நம்ம இலங்கையில சட்டம் மாறிருச்சு, பழைய 14 கணக்கெல்லாம் இப்ப செல்லாது. கஞ்சா இலைதானே, மூலிகைதானேன்னு சொல்ற மாமாமாருங்க தயவு செஞ்சு வாய மூடுங்க, சின்ன வயசுல தொடங்குறவங்களுக்கு மனநோய் ஆபத்து கூடுது. புள்ள குளிக்காம, பேசாம, ராத்திரி முழிச்சு இருந்தா, பொண்ணு தொடர்ந்து தலவலி வயித்துவலின்னு சொன்னா, கயிறு கட்டணும்னா கட்டிக்கோங்க, கட்டிட்டு கிளினிக்குக்கும் வாங்க. ராத்திரியில யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலன்னா மனநல உதவி நம்பர் 1926க்கு எடுங்க, சின்ன புள்ளைங்க பிரச்சினைக்கு 1929.

அந்த அம்மாகிட்ட இவ்வளவும் நான் சொல்லல. காலைல பஸ் ஏறி வந்து, ஒரு நாள் பேர், அதான் அன்னைக்கு சம்பளம், போயி, கண்ணு கலங்கி நிக்கிறவங்ககிட்ட என்னத்த திட்டுறது. ரெண்டு புள்ளைங்களையும் அடுத்த செவ்வா கூட்டிக்கிட்டு வாங்கன்னு மட்டும் சொன்னேன். மூத்தவன் பஸ்ல ஏற மாட்டான், வேனுக்கு காசில்லன்னாங்க. தோட்டத்து லொறிய கேட்டுப் பாருங்க, தரலன்னா எனக்கு ஒரு கோல் எடுங்கன்னு நம்பர எழுதி குடுத்திருக்கேன். மக அந்த துண்ட வாங்கி மடிச்சு தன்னோட பென்சில் பெட்டிக்குள்ள வெச்சிக்கிட்டா.