ஒரு டியூப் இரத்தம், ஒரு மஞ்சள் பை

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில், காலை ஏழரைக்கெல்லாம் கிளினிக் வாசலில் வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருப்பார்கள். இனிப்புநீர், சிறுநீரகம், கொழுப்பு எனப் பரிசோதனைகள். எடுத்த இரத்தம் ஈப்போ பக்கம் உள்ள பெரிய ஆய்வகத்துக்கு வண்டியேறும். "இரத்தம் சரியில்லை, மறுபடி எடுங்கள்" என்று அங்கிருந்து போன் வந்தால் புது ஊசி, புது டியூப், புதுக் கையுறை, இன்னொரு வண்டிப் பயணம்; செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளமும் போகும். கழிவைக் குறைக்கும் வேலை இரத்தம் எடுக்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

மறுபடி எடுக்க வைப்பதில் முதல் காரணம் சிவப்பணு உடைவது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, அளவு பொய்யாக ஏறிவிடும். ஆகவே கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டும். தடவிய ஆல்கஹால் காய்ந்த பிறகே குத்த வேண்டும். டியூபைக் குலுக்கக் கூடாது. மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், ஊதா மூடிக்கு எட்டு முதல் பத்து முறை.

டியூப்களை நிரப்பும் வரிசை, மூடியின் நிறப்படி, நீலம், மஞ்சள், ஊதா, சாம்பல். ஊதா டியூபின் உட்சுவரில், இரத்தம் உறையாமல் தடுக்க, பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ உப்பு பூசியிருக்கும். அதை முதலில் நிரப்பிவிட்டு மஞ்சளுக்குப் போனால், ஊசியில் ஒட்டிய துளியே பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தை இறக்கிவிடும்.

அடுத்தது நம் ஊர் வெக்கை. எடுத்த இரத்தத்திலும் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறையிலேயே மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும், சூட்டில் இன்னும் வேகமாக. மஞ்சள் டியூபை 30 நிமிடம் நிற்கவைத்து உறையவிட்டு, எடுத்த 2 மணி நேரத்துக்குள் சுழற்றியில் 10 நிமிடம் ஓட்டினால், டியூபில் உள்ள ஜெல் நடுவில் ஏறி அணுக்களையும் சீரம் என்ற தெளிந்த நீரையும் பிரித்துவிடும். ஐஸ் பெட்டி அதற்குப் பிறகுதான். சுழற்றாத இரத்தத்தைக் குளிரவைத்தாலும் பொட்டாசியம் கசியும். நல்லதென்று நினைத்துச் செய்யும் இந்தத் தவறு வருத்தம் தருவது.

டியூப் எண்ணிக்கையையும் குறைக்கலாம். ஒரு பரிசோதனைக்கு இயந்திரம் உறிஞ்சும் சீரம் சில மைக்ரோலிட்டர்தான். முழு இரத்த எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை இரண்டுக்கும் ஒரே ஊதா டியூப் பெரும்பாலும் போதும். ஆய்வகத்தைக் கேட்டுவிட்டு, இரண்டாவதை எடுக்காமல் விடலாம்.

பிறகு பை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் மருத்துவக் கழிவின் குறியீடு எஸ்டபிள்யூ 404. இரத்தம் பட்ட பஞ்சும் கையுறையும் மஞ்சள் பைக்கு. ஊசி, மூடியைத் திரும்ப மாட்டாமல் நேரே ஊசிப் பெட்டிக்கு. முக்கால் நிறைந்ததும் பெட்டியை மூட வேண்டும். ஊசி வந்த காகித உறை, அட்டைப் பெட்டி, கை துடைத்த டிஷ்யூ ஆகியவை மஞ்சள் பைக்கு வேண்டாம். அதில் விழுந்த எதையும் திரும்ப எடுக்க முடியாது; 850 டிகிரிக்கு மேல் எரிசக்தி செலவழித்து எரித்தாக வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும்.

கிளினிக்கில் சேராத ஊசிகளும் உண்டு. வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைக் குப்பைப் பையில் போட்டால், அள்ளுபவர் கையைக் குத்தும்; லயத்துக்குப் பின்னால் குப்பை எரித்தாலும் ஊசி முனை மண்ணில் கிடக்கும். துணி மென்மையாக்கி வரும் தடித்த போத்தலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது எங்கே ஒப்படைப்பது என்று கிளினிக்கில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.