ஊசி போட்டால்தான் பால் இறங்குமா?

கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயனுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மாட்டு மடிநோய் பார்க்கப் போயிருந்தேன். அடுப்படித் திட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. அதன் மூடியிலேயே ஊசி குத்தி நின்றது. கன்று செத்து இரண்டு மாதமாம். "ஊசி போட்டாத்தான் எறங்குது சார், இல்லன்னா காம்பத் தொட்டாலே உதைக்குது" என்றார் அந்த அம்மா.

அது ஆக்ஸிடோசின், பாலை இறங்க வைக்கும் ஹார்மோன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. உடல்நலம் கெடும்படி கறவைக்கு ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் பாட்டில் அடுப்படியிலிருந்து பரணுக்கு ஏறும், அவ்வளவுதான். அதனால் அவருக்குத் தெரிந்த சங்கை வைத்தே விளக்கினேன்.

தேயிலை ஃபேக்டரியில் சங்கு ஊதுகிறது. கொழுந்து பறிப்பவர்கள் எடை போடக் கிளம்புகிறார்கள், லாரிக்காரர் வண்டியை எடுக்கிறார், பிள்ளைக் காப்பகத்து ஆயா பாலைச் சூடு பண்ணுகிறார். சத்தம் ஒன்றுதான், யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது. ஹார்மோன்தான் சங்கு. செல்லில் இருக்கும் ஏற்பிதான் காது. காது இல்லாத செல்லுக்கு, ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் ஓடினாலும் ஒன்றுமில்லை.

கன்று மடியை முட்டும்போது மூளைக்குச் செய்தி போய், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் இறங்கும். மடிக்குள் பால் ஊறும் நுண்பைகளைச் சுற்றி, தசைபோலச் சுருங்கும் செல்கள் உண்டு. அவற்றுக்கு அந்தக் காது இருக்கிறது. அவை பிழிந்தால்தான் பால் காம்புக்கு வரும். பசு மடியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குப் பால் இப்படி வருவதுதான்.

அந்தத் தொழுவத்தை ஒட்டியே மண்புழு உரத்தொட்டி இருந்தது. அதில் விடுகிற சிவப்புப் புழுவிடமும் இதே குடும்பத்து ஹார்மோன் உண்டு, பெயர் அன்னெடோசின். அதை ஊசியால் செலுத்தினால் புழு முட்டையிடத் தயாராகிறது என்று 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கோழியிடம் இருப்பது வாசோடோசின். முட்டையை வெளியே தள்ளுவது அதன் வேலை. தவளைக்கோ அதே வாசோடோசின் தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள உதவுகிறது. பாலூட்டிகளிடம் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ஆக்ஸிடோசினும், சிறுநீரகத்தில் நீரைச் சேமிக்கும் வாசோபிரெசினும். இரண்டிலும் ஒன்பது ஒன்பது அமினோ அமிலங்கள். வித்தியாசம் இரண்டே இரண்டில்தான். மண்புழுவின் வழியும் மாட்டின் வழியும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பரிணாமம் கஞ்ச முதலாளி போலிருக்கிறது: பழைய சங்கையே வைத்துக்கொண்டு, காதுகளை மட்டும் புதுப்புது இடங்களில் பொருத்தியிருக்கிறது.

ஊசியின் சிக்கலும் இங்கேதான். சங்கை நாள் தவறாமல் பக்கத்தில் வைத்து அலற விட்டால், மெல்ல ஊதும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தினமும் ஊசி போட்ட மடி, தன் உடம்பு விடுகிற கொஞ்ச ஆக்ஸிடோசினுக்கு மசிவதில்லை. அப்புறம் ஊசி இல்லாமல் பால் இறங்காது என்பது உண்மையாகவே ஆகிவிடும். கருப்பையிலும் அதே காதுகள் உண்டு. ஈனும் நாள் நெருங்க நெருங்கப் பெருகும். கருப்பை வாய் திறக்கும் முன்பே, "கன்று சீக்கிரம் வரட்டும்" என்று யாரோ போட்ட ஊசியால் கருப்பை கிழிந்த ஒரு ஜெர்சிக் கலப்பினத்தை நான் காப்பாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊசிப் பால் குடித்துத்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று ஊட்டி பஸ்ஸில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். ஆக்ஸிடோசின் சிறு புரதத் துண்டு, வயிற்றுக்குப் போனால் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதே அதனால்தான். பூப்படைவுக்கான சங்கு ஈஸ்ட்ரோஜன், அதற்குக் காது வேறு. இந்த ஊசியால் அடி வாங்குவது மாடுதான்.

சரி, கன்று இல்லாத மாட்டை என்ன செய்வது? ஒரே ஆள், ஒரே நேரம், முன்னால் கொஞ்சம் தவிடு. நம் குளிரில் பச்சைத் தண்ணீரில் மடி கழுவுவது பெரிய தப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒரு நிமிடம் நீவிவிட்டு, இடைவெளி விடாமல் கறந்து முடிக்க வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் ஏறி, மடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். சிறுத்தை வந்து போன மறுநாள் பால் குறைவது இதனால்தான். ஏற்கெனவே ஊசிக்குப் பழகிய மாட்டுக்கு அதை எப்படி நிறுத்துவது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

அந்த அம்மா போன வாரம் போன் செய்தார். காலையில் ஊசி இல்லாமலே இறங்குகிறதாம். சாயங்காலம் மட்டும் நாய் குரைத்தால் நின்றுவிடுகிறதாம். நாயை லயனுக்கு அந்தப் பக்கம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.