பாலிசி: ஒரே ஒலிப்பு, இரண்டு சொற்கள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் சேதமடைந்த விசைப்படகுகளைப் பார்வையிட்டுக் காப்பீட்டுக்காக இழப்பை மதிப்பிடுவது என் தொழில். சர்வேயர் என்றதும் நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால் யாருக்கும் நட்டமில்லை. ‘பாலிசி’ என்ற சொல்லில் ஏற்படும் குழப்பமோ பணத்தையே கொண்டுபோய்விடுகிறது.

“படகை யார் பிடித்துக்கொண்டு போனாலும் பணம் கொடுப்பது எங்கள் கம்பெனி பாலிசி” என்று முகவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, பிரீமியம் கட்டிய ரசீதை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் படகு உரிமையாளர்களைப் பார்க்கிறேன். முகவர் சொன்ன பாலிசியும் உரிமையாளர் கையில் இருக்க வேண்டிய பாலிசியும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல் எழுதப்படுகின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை.

கொள்கை என்னும் பொருள் கொண்ட பாலிசி, நகரத்தைக் குறிக்கும் ‘போலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழியில், ஆட்சிமுறையைக் குறித்த ‘பொலிதேயா’விலிருந்து லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. நம் ஊர்க் காவல்துறையைச் சுட்டும் ‘போலீஸ்’ இதற்கு உடன்பிறப்பு.

காப்பீட்டுப் பாலிசியின் வழி வேறு. ‘சான்று’, ‘மெய்ப்பித்தல்’ என்று பொருள்படும் ‘அபோதெய்க்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல், இடைக்கால லத்தீனில் ரசீதைக் குறிக்கும் சொல்லாகி, இத்தாலியில் ‘போலிட்ஸா’ என்று திரிந்து, பிரெஞ்சின் வழியே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது என்பது அகராதி அறிஞர் பலரின் முடிவு. இச்சொல் இத்தாலியின் வழியாக வந்ததில் வியப்பில்லை. இன்று கிடைக்கும் மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தங்களுள் ஒன்று 1347இல் ஜெனோவா துறைமுக நகரில் எழுதப்பட்டது, அதுவும் ஒரு கப்பலுக்காகவே.

வேர்ச்சொல்லின் ‘சான்று’ என்ற பொருள் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. கடல்சார் காப்பீட்டு ஒப்பந்தம் எதுவும் பாலிசி என்னும் ஆவணமாக எழுதப்பட்டிருந்தாலன்றிச் சான்றாக ஏற்கப்படாது என்கிறது நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. கடற்கரையில் நின்று கொடுத்த வாக்குறுதி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், ஆவணத்தில் ஏறாதவரை அதை வைத்து இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

பாக் நீரிணையில் தொழில் செய்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது ‘விலக்குகள்’ என்ற பகுதியை. படகைப் பிடித்தல், பறிமுதல் செய்தல், தடுத்துவைத்தல் ஆகியவற்றால் வரும் இழப்பைப் பல படகுப் பாலிசிகள் வெளிப்படையாகவே விலக்கிவைக்கின்றன. இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்த பின்பே இந்த வரியைத் தேடிப் படிப்பதில் பயனில்லை. அடுத்து, எந்தக் கடற்பரப்பு வரை காப்பு உண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போது காப்பு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே ஆவணத்தில் வரும் ‘வாரண்டி’யும் ஏமாற்றக்கூடிய சொல்லே. தொலைக்காட்சிப் பெட்டிக்கான வாரண்டி விற்றவர் நமக்குத் தரும் உறுதி. கடல்சார் காப்பீட்டில் வாரண்டி என்பதோ நாம் நிறுவனத்துக்குத் தரும் உறுதி. அது இடருக்குத் தொடர்புடையதோ இல்லையோ, எழுதியபடியே நிறைவேற்றப்பட வேண்டும் என்பது சட்டம். அதை மீறினால், பாலிசியில் வேறு விதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, மீறிய நாளிலிருந்து நிறுவனத்தின் பொறுப்பு நீங்கிவிடும்.

ஆகவே அடுத்த பிரீமியத்தைக் கட்டுமுன், முகவர் சொல்வது ஆவணத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லையெனில், அந்த இடருக்குத் தனிக் காப்பு உண்டா, அதற்குக் கூடுதலாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று நிறுவனத்திடம் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.