பார்ட்டிஷன்: வன்தட்டின் பகுப்பு

கோத்தகிரிப் பக்கம் உடன்பிறந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டு பதிவு செய்யும் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ‘பார்ட்டிஷன்’ பத்திரம் என்று சொல்வதுண்டு. கடை அறையை இரண்டாக்கும் பலகைத் தடுப்புக்கும் அதே பெயர்தான். கணினி பழுதுபார்க்கும் கடையில் ‘பார்ட்டிஷன் போட்டுக் கொடுங்க’ என்றால், வன்தட்டின் (ஹார்டு டிஸ்க்) இடத்தைப் பகுத்து சி, டி, ஈ என எழுத்திட்டுத் தரவேண்டும் என்று பொருள்.

பகுதி எனப் பொருள்படும் ‘பார்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு வேர். அதிலிருந்து பகுத்தலைக் குறிக்கும் வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதனால் பிரிக்கும் செயல், பிரிந்த துண்டு, இடையே நிற்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. தமிழாக்கத்தில் குழப்பம் வருவதும் இங்கேதான்.

1983இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியும், அதற்கான டாஸ் இயங்குதளத்தின் 2.0 பதிப்பில் வந்த ‘எஃப்டிஸ்க்’ என்னும் பகுக்கும் நிரலுமே தனிக்கணினியில் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கின. ஏ, பி என்னும் எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு (ஃப்ளாப்பி) போய்விட்டதால் வன்தட்டு சி ஆயிற்று.

பகுக்கும்போது தட்டு எங்கும் வெட்டுப்படுவதில்லை. தோட்டத்தில் செடிகள் தொடர்ந்தே நிற்க, பங்கு பத்திரத்தில் மட்டும் பிரிவது போல, எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்டு) என்னும் பழைய பதிவு முறையில் தட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் அளவுள்ள அட்டவணை ஒன்று, ஒவ்வொரு பகுப்பும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்று பகுப்புக்கு 16 பைட்டாகப் பதிந்துவைக்கிறது. ஆகவே முதன்மைப் பகுப்புகள் நான்குக்கு மேல் இருக்க முடியாது. பகுப்பை நீக்கினால் அழிவதும் அந்தப் பதிவுதான். மேலே வேறொன்றை எழுதாத வரை உள்ளிருந்த கோப்புகளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எம்பிஆரில் பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கில் வராது என்பதால் ஜிபிடி என்னும் புதிய அட்டவணை முறை வந்தது. அதில் வழக்கமாக 128 பகுப்புகளுக்கு இடமுண்டு, அட்டவணையின் நகல் ஒன்று தட்டின் கடைசியிலும் இருக்கும்.

விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் கருவி, ஒரு பகுப்பை அதற்கு அடுத்தாற்போல் உள்ள காலியிடத்துக்குள் மட்டுமே நீட்டும்; இடையில் டி இருப்பதால், சி நிறைந்துவிட்டதென்று ஈ-யைச் சுருக்குவதால் பயனில்லை. ஜிபார்ட்டட் போன்ற நிரல்கள் இடையிலுள்ள பகுப்பையே நகர்த்தித் தரும், ஆனால் நகர்த்தும்போது மின்சாரம் போனால் தரவும் போய்விடக்கூடும். மரம் சாய்ந்து கம்பி அறும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், நகலெடுத்து வைக்காமலும் யூபிஎஸ் இல்லாமலும் உதகையில் இதைச் செய்வது வீண் துணிச்சல்.

தமிழில் ‘பிரிவினை’ என்று எழுதுவோர் உண்டு. அது சொத்தையும் 1947ஐயும் நினைவூட்டுவதோடு, செயலை மட்டுமே சுட்டுகிறது. ‘பகிர்வு’ கோப்புகளைப் பிறரோடு பகிர்வதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘தடுப்பு’ பலகைக்குப் பொருந்தும், தட்டுக்குப் பொருந்தாது. ‘பகு’ என்னும் வேரிலிருந்து செயலுக்குப் ‘பகுத்தல்’, துண்டுக்குப் ‘பகுப்பு’, பதிவுக்குப் ‘பகுப்பு அட்டவணை’ என்று கொள்வதே தெளிவு என்பது என் கருத்து. கோப்புகளை ஒழுங்காக வைக்கும் கோப்பு முறைமையை நிறுவும் ‘ஃபார்மட்’ பகுத்தலுக்குப் பின் வரும் வேறு வேலை. அதை ‘வடிவூட்டல்’ என்று தனியே எழுத வேண்டும்.